தோற்றுப்போன காரும் அதன் பெயருக்குரிய மனிதரும்: எட்செல் ஃபோர்டின் வாழ்க்கை

பெரகலைச் சந்தியிலிருந்து ஹப்புத்தளை, பண்டாரவளை, தெமோதரை என்று ஏறி இறங்கிப் பதுளைக்குப் போகும் வீதி, 1950களில் பெரும்பாலும் இங்கிலாந்துக் கார்களின் வீதியாகவே இருந்தது. ஒஸ்டின், மொரிஸ், ஹில்மன் ஆகியவை ஊவாவின் கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பக்கூடிய அளவில் சிறியவை. பெற்றோலையும் அளவாகவே குடிப்பவை. அதே இனத்தைச் சேர்ந்த ஒஸ்டின் ஏ40 கார்களும் மொரிஸ் மைனர்களும் பின்னாளில் வடக்கின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடின. நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் இடம்பெயர்ந்த குடும்பத்தின் மூட்டை முடிச்சுகளையும் அவை சுமந்தன. பழைய கார் என்றால் எம்மவருக்கு வெறும் காட்சிப்பொருள் அல்ல. கைவிடாமல் கூட வந்த ஒன்று.

அதே 1950களில் அமெரிக்கா வேறு வகைக் கார்களைச் செய்தது. 18 அடிக்கு மேல் நீளம், கிட்டத்தட்ட 2 தொன் எடை, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் கண்ணைப் பறிக்கும் குரோமியப் பூச்சு. அப்படியொரு காரை ஹாலிஎல வளைவுகளில் ஓட்டிச் சமாளிக்க நல்ல கைப்பக்குவம் வேண்டும். அந்தக் கூட்டத்திலேயே அதிகம் கேலிக்கு ஆளானதும், பின்னர் அதிகம் மறக்கப்பட்டதும் எட்செல் என்ற கார். அமெரிக்காவில் பெருந்தோல்வியைக் குறிக்க இன்றும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் எட்செல் என்பது முதலில் ஒரு மனிதரின் பெயர். அவர் இறந்து 14 ஆண்டுகளுக்குப் பிறகே அந்தக் கார் வந்தது. அதைச் செய்ததில் அவருக்குப் பங்கில்லை. பெயரை வைக்கச் சொன்னதும் அவரல்ல. தாம் செய்யாத ஒன்றுக்காக உலகம் நினைவில் வைத்திருக்கும் அந்த மனிதரின் வாழ்க்கையை, பெரட்டுக் களமும் துரையின் சொல்லும் என்னவென்று அறிந்த மலையகத்தவர் சுலபமாகப் புரிந்துகொள்வார்கள்.

ஒரே பிள்ளை

எட்செல் ஃபோர்ட் 1893 நவம்பர் 6 அன்று அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரில் பிறந்தார். ஹென்றி ஃபோர்ட், கிளாரா தம்பதியரின் ஒரே பிள்ளை அவர். தந்தையின் பள்ளித் தோழர் ஒருவரின் பெயரை அவருக்கு வைத்தார்கள். அப்போது ஹென்றி ஃபோர்ட் பெரிய முதலாளி அல்ல. மின்சாரக் கொம்பனியில் சம்பளத்துக்கு வேலை பார்த்த பொறியியலாளர்தான். மகனுக்கு 9 வயதானபோது, 1903இல், ஃபோர்ட் மோட்டார் கொம்பனி தொடங்கியது. 1908இல் மொடல் டி என்ற கார் வந்தது. சாதாரண விவசாயியும் வாங்கக்கூடிய விலையில் விற்ற அந்தக் கார், தந்தையை உலகின் மிகப் பெரிய செல்வந்தர்களில் ஒருவராக்கியது.

மகனோ பல்கலைக்கழகம் போகவில்லை. பள்ளி முடிந்ததும் நேராகக் கொம்பனிக்குள் போனார். 1916இல் எலினர் கிளே என்பவரைத் திருமணம் செய்தார். மூன்று ஆண் பிள்ளைகளும் ஒரு பெண் பிள்ளையும் பிறந்தார்கள். 1919 தொடக்கத்தில், 25ஆவது வயதில், கொம்பனியின் தலைவரானார். கதிரையில் மகன் அமர்ந்தார். கடிவாளம் மட்டும் கடைசிவரை தந்தையின் கையை விட்டுப் போகவில்லை.

எங்கள் தோட்டங்களில் புதிதாக வரும் சின்னத் துரை ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார். பெரிய துரை மறுநாள் வந்து அதை மாற்றிவிட்டுப் போவார். இடையில் நிற்கும் கணக்கப்பிள்ளைக்கும் கங்காணிக்கும் யார் சொல்லைக் கேட்பதென்று தெரியாது. எட்செலின் 24 ஆண்டுத் தலைமை ஏறக்குறைய இப்படித்தான் போனது. ரூஜ் ஆற்றங்கரையிலிருந்த பெரிய தொழிற்சாலையில் அவர் கட்டச் சொன்ன புதிய கரி அடுப்புகளைக் கட்டி முடிக்கும்வரை தந்தை பேசாமல் இருந்தார் என்றும், முடிந்ததும் இடிக்கச் சொன்னார் என்றும் அங்கே பணியாற்றியவர்களின் நினைவுகள் வழியாகத் தெரிகிறது. மகனை மென்மையானவர் என்று தந்தை கருதினார். நெருக்கினால் இறுகுவார் என்று நம்பினார்.

வடிவம் தெரிந்த கண்

இயந்திரம் தந்தையின் பிடி. வடிவம் மகனின் பிடி. கார் ஓடினால் போதும், கறுப்பு நிறம் போதும் என்பது ஹென்றியின் கொள்கை. காசு கொடுத்து வாங்குபவன் அழகையும் பார்ப்பான் என்பது எட்செலின் எண்ணம். 1922இல் நொடித்துப் போயிருந்த லிங்கன் கார்க் கொம்பனியை ஃபோர்ட் வாங்கியது. தந்தையின் தலையீடு குறைவாக இருந்த அந்தப் பகுதியில்தான் மகனின் திறமை வெளியே தெரிந்தது.

1920களின் நடுவில் செவ்ரோலெட் கார்கள் சந்தையைப் பிடிக்கத் தொடங்கின. மொடல் டியை மாற்ற வேண்டும் என்று எட்செல் வற்புறுத்தினார். தந்தை ஆண்டுக்கணக்கில் மறுத்தார். கடைசியில் 1927 மே 26 அன்று ஒன்றரைக் கோடியாவது மொடல் டி வெளியே வந்தபோது, எட்செல் அதை ஓட்ட, தந்தை அருகில் அமர்ந்து சென்றார். அதோடு அந்தக் காரின் காலம் முடிந்தது. அடுத்து வந்த மொடல் ஏயின் தோற்றத்தில் எட்செலின் கை தெளிவாகத் தெரிந்தது. எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் பிரேக் வேண்டும் என்று அவர் பல ஆண்டுகள் கேட்டார். மற்றக் கொம்பனிகள் எல்லாம் மாறிய பிறகும் தந்தை இறங்கி வரவில்லை. 1939 மொடல்களில்தான் ஃபோர்ட் கார்களுக்கு அது கிடைத்தது. மலைப்பாதையில் லொறி ஓட்டிய எவரும் அந்தத் தாமதத்தின் பொருளைச் சொல்லாமலே அறிவார்.

வடிவமைப்பாளர் கிரெகரியுடன் சேர்ந்து எட்செல் செய்த வேலைகளில் 1936இன் லிங்கன் செஃபிரும் 1940இன் லிங்கன் கொண்டினென்டலும் இன்றும் பேசப்படுகின்றன. கொண்டினென்டல் முதலில் அவருடைய சொந்தப் பாவனைக்காகச் செய்யப்பட்ட கார். பார்த்தவர்கள் எல்லாம் கேட்கத் தொடங்கியதால் விற்பனைக்கு வந்தது. அதில் தேவையில்லாத பளபளப்பு கிடையாது. பிற்காலத்தில் அவர் பெயரில் வந்த காரோடு அதை ஒப்பிட்டால் ஒரு வேடிக்கை புரியும். குரோமியத்தைக் குறைத்துப் பழகியவரின் பெயரையே குரோமியம் நிறைந்த காருக்கு வைத்தார்கள்.

ரப்பர் காட்டில் ஒரு தோட்டம்

ஃபோர்ட் குடும்பத்தின் கதையில் எங்களுக்கு நெருக்கமான ஒரு பகுதி உண்டு. அது ரப்பர். பிரேசில் காட்டு ரப்பரின் விதைகள் 1876இல் இங்கிலாந்துக்குக் கொண்டு போகப்பட்டு, அங்கே முளைத்த கன்றுகள் இலங்கையின் ஹெனரத்கொடை தோட்டத்தில் நடப்பட்டன. அந்த வழியில் வந்த ரப்பர்தான் பின்னர் எங்கள் தாழ்நில மாவட்டங்களிலும் ஊவாவில் மொனராகலைப் பக்கமும் பரவியது. 1922 முதல் 1928 வரை பிரித்தானிய அரசு இலங்கையிலும் மலாயாவிலும் ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையை உயர்த்தியது. டயருக்கு ரப்பர் வாங்கும் அமெரிக்கக் கார் முதலாளிகளுக்கு அது பெரிய அடி.

அதற்குப் பதிலாக ஹென்றி ஃபோர்ட் பிரேசிலின் தப்பாஜோஸ் ஆற்றங்கரையில் பெரும் நிலப்பரப்பைப் பெற்று, 1928இல் ஃபோர்ட்லாண்டியா என்ற ரப்பர் தோட்டத்தைத் தொடங்கினார். அமெரிக்கப் பாணி வீடுகள், அமெரிக்கச் சாப்பாடு, மதுவுக்குத் தடை, இலக்கம் பொறித்த அடையாளச் சின்னம், சங்கு ஊதினால் வேலை. அந்த ஊர்த் தொழிலாளர்களின் பழக்கத்தை எவரும் கேட்கவில்லை. 1930 டிசம்பரில் சாப்பாட்டு மண்டபத்தில் தொடங்கிய தகராறு கலவரமாகி, அதிகாரிகள் படகேறித் தப்ப வேண்டியதாயிற்று. நெருக்கமாக நட்ட மரங்களை இலைக்கருகல் நோய் தின்றது. 1945இல் அத்தனையும் மிகச் சொற்ப விலைக்குப் பிரேசில் அரசிடமே திரும்பிப் போனது. ஹென்றி ஃபோர்ட் அந்தத் தோட்டத்தை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. தூரத்திலிருந்து ஆளும் கொம்பனியும் மனிதரை இலக்கமாக எண்ணும் பழக்கமும் என்ன விளைவைத் தரும் என்பதை ஊவாவின் லயங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

தொழிலாளர் பக்கம் எவ்வளவு தூரம்?

எட்செலைப் பற்றிய நியாயமான கேள்வி இதுதான். அவர் நல்லவர் என்கிறார்கள். தலைவராக இருந்த காலத்தில் தொழிலாளருக்கு என்ன செய்தார்?

சில காரியங்கள் செய்தார். வாரத்துக்கு ஒருநாள் ஓய்வு மட்டும் மனிதருக்குப் போதாது என்று 1922இலேயே பகிரங்கமாகச் சொன்னார். 1926இல் ஃபோர்ட் தொழிற்சாலைகள் வாரம் 5 நாள் வேலைக்கு மாறின. அப்போது உலகின் பெரும்பாலான தொழிலாளருக்கு அது கனவு.

ஆனால் அதே தொழிற்சாலைகளில் ஹரி பெனட் என்பவரின் கீழ் ஒரு குண்டர் படையும் இருந்தது. 1932 மார்ச் 7 அன்று வேலை கேட்டு ஊர்வலம் வந்தவர்கள்மீது பொலிஸாரும் கொம்பனிக் காவலரும் சுட்டதில் 4 பேர் அன்றே இறந்தார்கள். பின்னர் இன்னொருவரும் இறந்தார். 1937 மே 26 அன்று துண்டுப்பிரசுரம் கொடுக்க வந்த வோல்டர் ரூதர் உள்ளிட்ட தொழிற்சங்கத்தவரைப் பெனட்டின் ஆட்கள் அடித்து நொறுக்கினார்கள். பெனட் எட்செலின் ஆள் அல்ல. ஹென்றியின் ஆள். எட்செலுக்கு அவரை அறவே பிடிக்காது. இருந்தும் பெயருக்குத் தலைவர் எட்செல். நிறுத்த முடியவில்லை என்பது விளக்கமாகலாம். அடிபட்டவர்களுக்கு அது ஆறுதலாகாது.

அதே காலத்தில் ஊவாவிலும் இதே போராட்டம் நடந்தது. 1939இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றியது. 1940இல் பதுளைக்கு அருகே வெவஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தங்களுக்கென்று ஒரு குழுவைத் தெரிவுசெய்து துரையோடு சரிசமமாகப் பேச முனைந்த வேலைநிறுத்தம், மலையக வரலாற்றில் ஒரு மைல்கல். அதே ஆண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் உயிரிழந்திருந்தார். டெட்ரொயிட்டிலும் பதுளையிலும் கேட்கப்பட்டது ஒன்றுதான். எங்களோடு பேசுங்கள், எங்கள் சங்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே அது.

1941 ஏப்ரலில் ரூஜ் தொழிற்சாலை வேலைநிறுத்தத்தில் நின்றுபோனது. அடித்து அடக்கலாம் என்று பெனட் நினைத்தார். பேசித் தீர்க்க வேண்டும் என்று எட்செல் உறுதியாக நின்றார். தந்தையை எதிர்த்து அவர் வென்ற மிகச் சில தருணங்களில் இது ஒன்று. தொழிலாளர் வாக்களித்துச் சங்கத்தைத் தெரிவுசெய்தார்கள். 1941 ஜூனில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. கையெழுத்திட மறுத்த ஹென்றியை, தாய் கிளாராவின் பிடிவாதமே இறங்கி வர வைத்ததாக அக்காலத்தில் கொம்பனியில் உயர்பதவி வகித்த சொரன்சன் எழுதியிருக்கிறார்.

வெறுப்பின் நிழலில்

இனவெறுப்பு ஒரு நாட்டை என்ன செய்யும் என்பதை நாங்கள் புத்தகத்தில் படித்து அறியவில்லை. 1958இலும் 1977இலும் 1983இலும் பார்த்தோம். 1983 ஜூலை 27 அன்று பதுளை நகரில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அதற்கு முன்னரும் பின்னரும் ஊவாவிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள், அங்கேயும் போரைச் சந்தித்தன. அதனால் ஹென்றி ஃபோர்டின் மறுபக்கத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. 1920 முதல் அவருடைய பத்திரிகை யூதருக்கு எதிரான நச்சுக் கட்டுரைகளைத் தொடர்ந்து வெளியிட்டது. அவை ஜெர்மன் மொழியிலும் பரவின. 1938இல் நாசி அரசு அவருக்கு விருது கொடுத்தது, அவரும் வாங்கிக்கொண்டார்.

எட்செல் அந்த வழியில் போகவில்லை. தம் குடும்பம் வாழும் வீட்டை வடிவமைக்கும் பொறுப்பை, யூத மதகுருவின் மகனான அல்பர்ட் கானிடம் கொடுத்தார். 1932இல் மெக்சிக்கோவின் இடதுசாரி ஓவியர் தியேகோ ரிவேராவை டெட்ரொயிட் கலைக்கூடத்துக்கு வரவழைத்துச் செலவை ஏற்றார். ஊர்வலத்தினர் சுடப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. ரிவேரா 27 சுவர்ப் பகுதிகளில் தீட்டியது முதலாளியின் புகழை அல்ல. ரூஜ் தொழிற்சாலையில் வியர்வை சிந்தும் கறுப்பு, வெள்ளைத் தொழிலாளரைத்தான். மதத்துக்கு எதிரானது, கம்யூனிசப் பிரசாரம், சுண்ணாம்பு அடித்து மறையுங்கள் என்று எதிர்ப்புக் கிளம்பியது. எட்செல் ஓவியரின் பக்கம் நின்றார். இன்றும் அந்தச் சுவர்கள் அப்படியே இருக்கின்றன. ஒரு மூலையில் எட்செலின் உருவமும் இருக்கிறது.

1936இல் 25,000 டொலருடன் ஃபோர்ட் அறக்கட்டளையைத் தொடங்கியவரும் அவரே. அது பின்னர் உலகின் மிகப் பெரிய அறக்கட்டளைகளில் ஒன்றானது.

49 வயது

இரண்டாம் உலகப் போரில் ஃபோர்ட் கொம்பனி வில்லோ ரன் என்ற இடத்தில் குண்டுவீச்சு விமானத் தொழிற்சாலை கட்டியது. அந்தச் சுமை எட்செலின் தோளில் விழுந்தது. ஏற்கெனவே வயிற்றுப் புண்ணால் அவதிப்பட்டவர். 1942இல் சத்திரசிகிச்சை நடந்தது. புற்றுநோய் என்று தெரிந்தது. தந்தையின் பண்ணையிலிருந்து வந்த காய்ச்சாத பாலால் தொற்றிய காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. 1943 மே 26 அன்று, 49ஆவது வயதில் இறந்தார்.

79 வயதுத் தந்தை மறுபடியும் தலைவர் கதிரையில் அமர்ந்தார். கொம்பனி சரிந்தது. கணவனை இழந்த எலினர், தம்முடைய பங்குகளை விற்றுவிடப் போவதாக எச்சரித்த பின்னரே, 1945 செப்டெம்பரில் மூத்த மகன் இரண்டாம் ஹென்றி ஃபோர்ட் தலைவரானார். பேரன் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, பெனட்டை வெளியே அனுப்பியது.

பெயர் மாட்டிக்கொண்ட கதை

1950களின் நடுவில் நடுத்தர விலையில் புதிய கார் ஒன்றைக் கொண்டுவரக் கொம்பனி முடிவெடுத்தது. ஆயிரக்கணக்கான பெயர்கள் தேடப்பட்டன. மரியன் மூர் என்ற கவிஞரிடம்கூடக் கேட்டார்கள். ஒன்றும் பிடிக்கவில்லை. கடைசியில் குடும்பத்தின் தயக்கத்தையும் மீறி, இறந்தவரின் பெயரையே வைத்தார்கள்.

1957 செப்டெம்பர் 4 அன்று எட்செல் கார் வெளியானது. இங்கே பண்டா - செல்வா ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதமும் ஆகாத நேரம். மாதக்கணக்கில் மூடிவைத்து ஆர்வத்தைக் கிளப்பியிருந்தார்கள். திரை விலகியதும் முன்முகத்தில் நெட்டுக்குத்தாக நின்ற நீள்வட்டச் சட்டத்தைப் பார்த்து ஊரே சிரித்தது. குதிரையின் கழுத்துப்பட்டை என்றார்கள். அதைவிட மோசமான ஒப்பீடுகளும் வந்தன. அதே நேரம் பொருளாதார மந்தம் வந்தது. தனித் தொழிற்சாலை இல்லாமல் மற்ற ஃபோர்ட் கார்களுக்கு இடையில் பொருத்தியதால், குறைபாடுகளோடு பல கார்கள் கடைக்குப் போயின. 1959 நவம்பரில் உற்பத்தி நின்றது. அதற்குள் இங்கே ஒப்பந்தம் கிழிந்து, 1958 கலவரமும் நடந்து முடிந்திருந்தது. அமெரிக்காவில் செய்தவை 1 இலட்சத்து 10 ஆயிரத்துச் சொச்சம். நட்டம் சுமார் 25 கோடி டொலர் என்று கணக்கிடப்படுகிறது.

இன்று நிதானமாகப் பார்த்தால் அது அவ்வளவு மோசமான கார் அல்ல. பிரேக் தேய்மானத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு அதில் இருந்தது. ஓட்டுநர் குறித்துவைத்த வேகத்தைத் தாண்டினால் எச்சரிக்கும் வேகமானி இருந்தது. கியர் மாற்றும் பொத்தான்கள் ஸ்டியரிங்கின் நடுவில் இருந்தன. எண்ணெய் குறைந்தாலும் கைப்பிரேக் விடுபடாமல் இருந்தாலும் விளக்கு எரிந்து காட்டியது. இவற்றில் பல இப்போது சாதாரணக் கார்களிலும் உண்டு. குரோமியப் பட்டைகளைத் துலக்கி, எஞ்சியிருக்கும் எட்செல்களைப் பிள்ளைபோல் பராமரிப்பவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். சிரித்தவர்கள் போய்விட்டார்கள். கார் இருக்கிறது.

எட்செல் ஃபோர்ட் முழு வீரரும் அல்ல, குற்றமற்றவரும் அல்ல. பெரும் செல்வத்தில் பிறந்து, அதிகாரம் இல்லாத பதவியில் இருந்து, முடிந்த இடத்தில் நல்லதைச் செய்து, முடியாத இடத்தில் மௌனமாக இருந்தவர். அந்த மௌனத்துக்கு மற்றவர்கள் விலை கொடுத்தார்கள், அவருடைய உடலும் விலை கொடுத்தது. ஆனால் அவர் செய்தது என்ன, அவர் தலையில் கட்டப்பட்டது என்ன என்று பிரித்துப் பார்ப்பது நியாயம். மற்றவர்கள் சூட்டிய பெயர்களோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் மக்கள் நாங்கள். கள்ளத்தோணி என்றார்கள், தோட்டக்காட்டான் என்றார்கள், நாடற்றவர் என்றார்கள். ஒரு பெயரின் மேலிருக்கும் தூசியைத் துடைத்து, அதன் கீழே வாழ்ந்த மனிதரைத் தேடிப் பார்க்கும் வேலையின் அருமையை எங்களைவிட நன்றாக அறிந்தவர் அதிகம் பேர் இல்லை.